ஒரு கேன் சேறு

அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து, ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் பிளான்ட்டுக்கு ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு சின்ன பிளான்ட். உள்ளே காற்றுக் குமிழ்களோடு சுழலும் பழுப்புச் சேற்றில்தான் என் ஆட்கள் இருந்தார்கள்: அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள். மற்ற பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். இவை பெருக நாள்கணக்காகும். செத்தால் லேசில் திரும்ப வராது.

வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு, எல்லா வீட்டுக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள், வாடை வரக்கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு வந்தார்.

"சார், கொட்டாதீங்க. உள்ள இருக்கற பாக்டீரியா செத்துரும்."

"கிருமி சாகத்தானேப்பா பிளீச்சிங்? சாக்கடைக்குப் பாடம் எடுக்கறியா?"

கொட்டினார். தன் கையாலேயே, முழு மூட்டையும்.

பிளான்ட்டில் சுத்தமாகும் தண்ணீர்தான் கழிப்பறை ஃப்ளஷுக்குப் போகும். சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்த விருந்தாளிகள் ஃப்ளஷை அழுத்தியதும் அம்மோனியா நெடி மூக்கை எரித்தது. என்னைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் செயலாளர் சொன்னார்: "மூட்டை தூக்கறவன் பிள்ளைகிட்ட மிஷினைக் குடுத்தா இப்படித்தான்." லாக் புத்தகத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

என்னை மட்டும் பேசியிருந்தால் விட்டிருப்பேன்.

பிளான்ட்டுகளை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டர் என்னை கே.கே. நகர் பிளான்ட்டுக்கு மாற்றினார், ஹெல்பராக. "அந்த வரி இருக்கறவரைக்கும் ஆபரேட்டர் வேலை கேக்காத தம்பி." தினமும் சோதனைக் குழாயில் மருந்து விட்டு அம்மோனியா பார்ப்பேன்; இருந்தால் மஞ்சளாகும். எங்கள் தண்ணீர் தெளிவாக நிற்கும்போது, ஸ்ரீரங்கத்தில் இந்நேரம் எத்தனை மஞ்சளாக இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்படுவேன். மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் செயலாளரே காரில் வந்தார். கையில் இரண்டு காலி கேன்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? அங்க வாடைன்னு தினம் சண்டை. உங்க பிளான்ட்லேர்ந்து கொஞ்சம் சேறு போட்டாதான் தேறும்னு காண்ட்ராக்டர் சொன்னார். குடுங்களேன்."

'ங்க' எல்லாம் வந்துவிட்டிருந்தது.

"லாக் புத்தகம் கொண்டு வந்தீங்களா சார்?"

"அது எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்க."

காவிரிப் பாலம் தாண்டிப் போய், மத்தியான வெயிலில் திரும்பி வந்தார். பேனாவைக் கொடுத்தேன். அந்த வரியை அடித்தார். 'பிளீச்சிங் பவுடரைக் கொட்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்து அங்கேயே காண்ட்ராக்டருக்கு அனுப்பினேன்.

"எங்கப்பாவைச் சொன்னது, சார்?"

"வாய் தவறி வந்துடுச்சு தம்பி."

ஒரு கேனை நிரப்பி அவர் காலடியில் வைத்தேன். டிரைவர் ஓடி வந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"நீங்களே தூக்குங்க சார். முட்டியை மடக்கித் தூக்கணும். எங்கப்பா அப்படித்தான் தூக்குவார்."

தூக்கினார். வெள்ளைச் சட்டையில் பழுப்பாகத் தெறித்தது.

"இன்னொரு கேன்?"

"அவ்வளவுதான் சார்."

இரண்டு கேன் போட்டிருந்தால் சீக்கிரம் தேறியிருக்கும். எனக்குத் தெரியும். தொட்டி நிறையச் சேறு இருந்தது.