லங்கோடும் டிராக் பேண்ட்டும்

மண்ணூர்பேட்டையில் நாங்கள் எடை தூக்கிப் பழகிய கொட்டகைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தட்டி. தரையில் மணலைக் கொட்டி, அதன்மேல் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பரை விரித்திருந்தோம். எடைப் பிளேட்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் ஊற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே எடைதான் எழுதியிருக்கும், ஆனால் ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருக்கும். அதனால் கனமானதற்குச் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தோம். இடுப்பு பெல்ட்டும் கடையில் வாங்கியதல்ல. இயந்திரத்தை ஓட்டும் தட்டையான தோல் பெல்ட் தேய்ந்ததும் அதில் ஒரு துண்டை வெட்டி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கொக்கி வைத்துக்கொள்வோம். எண்பதுகளின் நடுவில் அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

உடை விஷயத்தில் ஒரே ஒரு விதி. லங்கோடு கட்டாமல் யாரும் எடை மாட்டும் பாரைத் தொடக் கூடாது. முக்கோணமாக வெட்டிய சிவப்புக் காடாத்துணி, இரண்டு முனையிலும் நாடா. நாடாவை இடுப்பில் முடிந்து, துணியைத் தொடைகளுக்கு நடுவே கொடுத்து இழுத்துப் பின்னால் செருக வேண்டும். அதற்குமேல் டிராயர் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். பெரும்பாலும் யாரும் போடமாட்டோம். சட்டையும் பேண்ட்டும் ஆணியில் தொங்கும். சுவரில் அனுமார் படம் இருந்ததால் செருப்பு வெளியே கிடக்கும்.

கொட்டகையை நடத்தியவரை மாஸ்டர் என்போம். பகலில் லேத் ஓட்டுபவர். யார் பாரின் அருகே குனிந்தாலும் அவர் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்.

"கட்டு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மாஸ்டர்."

தினமும் வருகிறவனையும் கேட்பார். பதில் வந்த பிறகுதான் எடை தரையை விட்டுக் கிளம்பும்.

கட்டாமல் தூக்கினால் இறங்கிவிடும் என்பது அங்கே எல்லாரும் நம்பியது. எது இறங்கும் என்று யாரும் சொல்வதில்லை. குடலைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்கு இன்னொரு பாதியும் உண்டு. ஒருவனுக்கு இறங்கிவிட்டது என்றால் அவன் ஒழுங்காகக் கட்டவில்லை. ஒழுங்காகக் கட்டவில்லை என்றால் அவன் வேறு விஷயங்களிலும் கட்டுப்பாடு இல்லாதவன். ஆவடியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு அப்படி ஆனபோது, அவருடைய நடத்தையைப் பற்றி அதுவரை யாரும் சொல்லாத கதைகள் ஒரு வாரத்தில் கிளம்பின. அவர் பிறகு வரவில்லை. அவருடைய பெல்ட் வெகுநாள் ஆணியில் தொங்கியது. யாரும் அதை எடுத்துக் கட்டிக்கொள்ளவில்லை.

என் நண்பன் கரையான்சாவடிக்காரன். கொட்டகையில் எல்லாரும் அவனைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். அனுமாருக்குக் கற்பூரம் காட்டும்போது மரியாதையாக எட்டி நிற்பான். லங்கோட்டை எங்களில் யாரையும் விடச் சீராகக் கட்டுவான். நாடாவின் இரு நுனிகளும் ஒரே அளவில் தொங்கும். பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கேயே அவன் காண்ட்ராக்டில் வார்ப்புகளை வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். நான் பெர்மனென்ட், அவன் இல்லை. ஒரே கேட் வழியாகத்தான் உள்ளே போவோம், ஆனால் கேண்டீனில் அவனுக்கு இடம் கிடையாது. டிபன் டப்பாவை லாரி நிழலில் உட்கார்ந்து திறப்பான்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு விளையாட்டு அணி இருந்தது. கபடிக்கும் எடை தூக்குவதற்கும் ஆண்டுக்கு ஓரிருவரை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெர்மனென்ட்டாக எடுப்பார்கள். தேர்வுப் போட்டியில் முதலாவதாக வரவேண்டும். பிறகு கம்பெனி டாக்டரிடம் உடல் பரிசோதனை. பாய்க்குத் திருமணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. பெர்மனென்ட் ஆவதற்கு அவன் முன்னால் இருந்தது அந்த ஒரு வழிதான். தேர்வில் ஒருமுறை இரண்டாவதாக வந்தான். அடுத்த முறை போட்டியே நடக்கவில்லை. வயது வரம்பு அவனை இன்னும் ஒரே ஒருமுறைதான் அனுமதிக்கும்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது அம்பத்தூரில் ஒரு மாடியில் புது ஜிம் வந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. டேப் ரிக்கார்டரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ஷூ இல்லாமல் அனுமதியில்லை, லுங்கி, டிராயருடன் அனுமதியில்லை. அங்கே வந்தவர்கள் கையில்லாத வண்ணப் பனியன், பளபளப்பான டிராக் பேண்ட், தொடையோடு ஒட்டிய சைக்கிள் ஷார்ட்ஸ் எல்லாம் போட்டிருந்தார்கள். ஒரு செட் முடித்ததும் கண்ணாடியில் கையை மடக்கிப் பார்ப்பார்கள். பாரைத் தலைக்குமேல் தூக்கிக் கீழே போட அங்கே வழியில்லை. கீழ்த்தளத்தில் மருந்துக்கடை இருந்தது. போட்டிக்குப் பழகுகிறவனுக்கு அது பாதி ஜிம்கூட இல்லை.

பாய் அங்கே போய்ச் சேர்ந்தான். தொடைக்கும் முதுகுக்கும் அங்கே நல்ல கருவிகள் இருக்கின்றன என்றான். வாரம் ஒருமுறை மட்டும் கொட்டகைக்கு வந்து முழுத் தூக்கு தூக்குவான். அப்போதும் நீல நிறத்தில் தடித்த டிராக் பேண்ட் அணிந்திருந்தான். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் நாங்கள் வெறும் கட்டோடு நிற்கும்போது, அவன் மட்டும் கணுக்கால்வரை மூடிக்கொண்டு வியர்வையில் நனைந்து நிற்பான்.

"இன்னா பாய், ஹீரோ சான்ஸ் எதுனா வந்துக்கீதா?" என்றான் வெல்டர் ஒருவன்.

"வந்தா உன்னத்தான் வில்லனா போடச் சொல்வேன், மாமே."

"அந்தப் பேண்ட்டக் கயட்டிட்டு தூக்குடா. உள்ள காத்து போவட்டும். வெந்துடப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. "கண்ணாடி பாத்துத் தூக்குறவனுக்கு எட ஏறாதுடா" என்றார். அன்று மட்டும் அவனிடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பேண்ட் போட்டவனிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பார். நானும் அவனுக்கு நாகரிக மோகம் பிடித்துவிட்டது என்றே எண்ணினேன். இரண்டு வாரம் கழித்து, அப்படி என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று நானும் அந்த மாடி ஜிம்மில் சேர்ந்தேன்.

அங்கே உடை மாற்ற ஒரு சிறிய அறை, அதில் ஒரு மர பெஞ்சு. தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒருநாள் கதவைத் தள்ளியபோது பாய் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான். முழங்கால்களை மடக்கி, வலது அடிவயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தான். எலுமிச்சை அளவு ஒரு புடைப்பு அவன் கைக்கு அடியில் உள்ளே போனது. பிறகு கைக்குட்டையை நான்காக மடித்து அந்த இடத்தில் வைத்து, அதற்குமேல் லங்கோட்டை இழுத்துக் கட்டினான். நாடா சதைக்குள் பதிந்தது. அதன் பிறகே என்னைப் பார்த்தான்.

"எத்தினி நாளா கீது?" என்றேன்.

"தீவாளிக்கு முன்னாடிலேந்து."

"டாக்டராண்ட போனியா?"

"போனா அறுக்கணும்பான். அறுத்தா இந்தத் தேர்வு போச்சு. இதோட என் வயசும் முடிஞ்சிடுது."

"நம்ம ஸ்டோர்ஸ்ல ரெண்டு பேருக்கு இதே ஆபரேஷன் தையல் கீதுடா. வேல செஞ்சிகினுதான் கீறாங்க."

"அவங்க பெர்மனென்ட் ஆனப்புறம் அறுத்துகினாங்க மச்சான். நான் அறுத்துகினு போய் கம்பெனி டாக்டராண்ட வயித்தக் காட்டுனா, லோடு தூக்கவே லாயக்கில்லன்னு காண்ட்ராக்டையும் புடுங்கிடுவான்." டிராக் பேண்ட்டை இடுப்புக்கு ஏற்றினான். "கட்டு இறுக்கமா இருந்தா இன்னா ஆவப் போவுது? வெளிய வராது. உள்ள தள்ளிகினு போனா கம்பெனி டாக்டருக்கும் தெரியாது. எனக்கே தெரியும், கட்டுனா வலி நின்னுடுது. மாஸ்டராண்ட மட்டும் சொல்லாத. நான் கட்டாம தூக்குனேன்னு நெனப்பாரு."

மறுநாளும் சொன்னேன், அதற்கடுத்த வாரமும் சொன்னேன். அவன் மனைவியும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவன் பதில் ஒன்றுதான்: தேர்வு முடியட்டும். மாடி ஜிம்மில் அவனுக்குப் பிடித்தது கருவிகள் அல்ல. அங்கே எல்லாரும் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேர்வுப் போட்டி ஒரு பள்ளி மைதானத்துப் பந்தலில் நடந்தது. போட்டிக்குத் தோளிலிருந்து தொடைவரை ஒரே துணியாக இழுத்துப் பிடிக்கும் காஸ்ட்யூம் கட்டாயம். அதில் எதையும் மறைக்க முடியாது. பாய் அதற்குள் லங்கோட்டை இரட்டையாகக் கட்டி, மேலே அந்தத் தோல் பெல்ட்டைக் கடைசித் துளைக்கு இழுத்திருந்தான். பெல்ட் வயிற்றிலிருந்த அழுத்தத்தை எல்லாம் கீழ்நோக்கித் தள்ளும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. இறுக்கம் என்றால் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

முதல் பிரிவில், பாரை ஒரே இழுப்பில் தலைக்குமேல் கொண்டுபோவதில், அவன் முன்னால் இருந்தான். அவனுக்கு அடுத்திருந்தவன் மாடி ஜிம்முக்கும் வந்துகொண்டிருந்த, அவனைவிட மிக இளையவன். இரண்டாவது பிரிவில் பாரை மார்புவரை ஏற்றிப் பிறகு தலைக்குமேல் தள்ள வேண்டும். முதல் தூக்கு சுத்தமாக வந்தது. அடுத்ததில் மார்புவரை ஏற்றினான், எழுந்தும் நின்றான். அங்கே அப்படியே நின்றான். முகம் வெளுத்தது. பாரை முன்னால் நழுவ விட்டான். நடுவர் ஏதோ கேட்டார்.

"வாயு புடிச்சிகிச்சு சார்" என்றான்.

பந்தலுக்குப் பின்னால் போய்ச் சோடா குடித்தான். வாந்தி எடுத்தான். நான் தடுத்தேன். அவன் என்னை விலக்கிவிட்டு நாடாவை அவிழ்த்து, படுக்காமல், நின்றபடியே இன்னும் இறுக்கிக் கட்டினான். கடைசித் தூக்குக்கு அவன் பெயரைக் கூப்பிட்டபோது மேடையேறி, குனிந்து பாரைப் பிடித்தான். பார் அசையவே இல்லை. அதன்மேலேயே சரிந்து விழுந்தான். பிறகு அவனை நாங்கள் தூக்கி வந்தோம்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். படுத்தால் சரியாகிவிடும் என்று அவன் வீட்டுக்குப் போக அடம்பிடித்தான். சாயங்காலம் வயிறு பலகைபோல் ஆனபோது அவன் மனைவி எனக்கு ஆள் அனுப்பினாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரியால் நாடாவை வெட்டினாள். வெளியே வந்த குடல் உள்ளே போக முடியாமல் நெரிபட்டுக் கறுத்திருந்தது. ஒரு முழத்துக்குமேல் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள்.

"இது துணி கட்டி நிறுத்துற விஷயமாம்மா?" என்றார் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர். "வயித்துச் சுவர்ல பிறவியிலேயே இருக்கிற பலவீனம். ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷன். அடுத்த வருஷம் தாராளமா தூக்கியிருக்கலாம். இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

"தலதலயா அடிச்சுகினேன் டாக்டர். கேக்கல" என்றாள் அவள். அழவில்லை.

மாஸ்டர் மூன்றாம் நாள் வந்தார். ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலடியில் வைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

"கட்டியிருந்தியா?" என்றார்.

"கட்டியிருந்தேன் மாஸ்டர். ரெட்டக் கட்டு."

"அப்பறம் எப்பிடிடா?"

பாய் என் பக்கம் கையைக் காட்டினான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவடிக்காரரைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த இளையவன் பெர்மனென்ட் ஆனான். கேண்டீனில் என் மேஜைக்கு எதிரில்தான் சாப்பிட்டான், நல்ல பையன். பாய் போட்டியில் விழுந்ததால் கம்பெனிக்கு அவன் விவரம் தெரிந்துவிட்டது. காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டார். கொட்டகைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வந்த சிலரும் டிராக் பேண்ட்டோடு வந்தார்கள். மாஸ்டர் யாரையும் எதுவும் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

பாயின் மைத்துனருக்குக் கரையான்சாவடி மெயின் ரோட்டில் ரெடிமேட் கடை இருந்தது. உடம்பு தேறியதும் அங்கே உட்கார்ந்தான். ஓராண்டு கழித்து ஒரு மழைநாளில் நான் போனபோது, கொக்கிக் கம்பால் உயரத்திலிருந்த பனியன்களை எடுத்து ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து ஸ்டூலை நகர்த்தினான். அப்போது திருப்பூர் சரக்கு டிரைசைக்கிளில் வந்து இறங்கியது; சணல் கட்டிய ஒரு பெரிய மூட்டை, பாதி நனைந்துவிட்டது. வண்டிக்காரன் மூட்டையை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். பாய் சட்டென்று வெளியே வந்து இரண்டு காலையும் அகட்டி, முதுகை நேராக வைத்து, மூட்டையின் முன் குனிந்தான். பழகிய உடம்பு, அது தானாக அப்படிப் போய் நின்றது.

"மச்சான், நவுரு நவுரு" என்று மைத்துனர் ஓடி வந்தார். பாயின் மனைவியும் உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மைத்துனர் மறுமுனையைப் பிடித்தார். நான் நடுவில் கை கொடுத்தேன். மூட்டை ஒரு நாற்பது கிலோ இருக்கலாம்.

பாய் நிமிர்ந்து ஒதுங்கினான். நாங்கள் உள்ளே நுழைவதற்காக, வாசலில் தொங்கிய டிராக் பேண்ட்டுகளை இரு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.