முக்கால் இஞ்ச் நீளமான கால்

1. குத்தவைக்கக் கூடாது

என் வலது முழங்காலைப் பார்த்த எலும்பு டாக்டர் மாத்திரை மட்டும்தான் எழுதிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னவர் கவிதா டாக்டர். செல்லூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறார்.

"அண்ணே, நடங்க, நில்லுங்க, படி ஏறுங்க. தரையில குத்தவச்சு உக்காருறது மட்டும் இனி கிடையாது."

அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்து சைட்டுகளில் மேஜை என்று ஒன்றும் இருக்காது. பலகையைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, குத்தவைத்தே அறுப்போம், இழைப்போம், துளை போடுவோம். முப்பது வருஷமாகப் பரவையிலிருந்து அழகர்கோவில் ரோடு வரை நான் போட்ட நிலை, கதவு, சமையலறை கபோர்டு எல்லாமே அப்படிச் செய்தவைதான்.

நான் வேலை பார்த்த காண்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னேன். "முருகேசு, நீ வேலையே பாக்க வேணாம்யா. சைட்டுல நின்னு மத்தவங்கள வேலை வாங்கு, போதும்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா அடுத்தவர் வயலில் குனிந்தே முதுகு வளைந்தவர். மகன் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்றுதான் என்னை ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் டிரேடில் சேர்த்துவிட்டார். அந்தத் தொழிலைக் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலேயே நின்று செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதன் மேல் வைத்துச் செய்வது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

2. ஒன்பது அடிக்கு ஏழு அடி

எனக்கு இருக்கிற பட்டறை எங்கள் வாசல் போர்டிகோதான். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம். அதிலும் சாயங்காலம் வண்டி நிற்க வேண்டும். என் மனைவி பஞ்சவர்ணம் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறாள், அங்கே போய்வருவது அந்த ஸ்கூட்டரில்தான். "மேசை போடுங்க, வேணாங்கல. ஆனா என் வண்டி மழையில நனைஞ்சா நான் மேசைக்கு மேலதான் ஏத்தி நிறுத்துவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஆகவே ஒரே மேஜை, எல்லா வேலைக்கும். அறுக்க, இழைக்க, பசை போட்டு கிளாம்பு பிடிக்க, வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ள. நீளம் ஐந்தடி, அகலம் இரண்டரை அடி. உயரத்துக்கு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு வரை அளந்தேன். முப்பத்து நாலு இஞ்ச் வந்தது. இது ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்த அளவு. படித்து முடித்த பிறகு நான் அதைப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான்.

கால்களுக்கு, இடித்த வீட்டு வேப்பமர நிலை ஒன்று கிடைத்தது. மூன்றுக்கு மூன்று சைஸ், ஆணி இறங்காத வைரம். மேல்தளம் பதினெட்டு எம்.எம். பிளைவுட் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஒட்டியது. சர்க்குலர் ஸாவைத் தலைகீழாக அடியில் மாட்டி, பிளேடு மட்டும் மேலே வரும்படி ஒரு காடி விட்டேன். ஒரு முனையில் மரம் பிடிக்க வைஸ். தளம் முழுக்க வரிசையாகத் துளைகள், அதில் கட்டை முளையைச் செருகினால் இழைக்கும்போது பலகை ஓடாது. மறுமுனையில் இரண்டு சக்கரம். வைஸ் பக்கம் தூக்கினால் தள்ளுவண்டி மாதிரி உருளும், இறக்கினால் நாலு காலில் உட்காரும். பதினோரு நாள் ஆனது. போர்டிகோ கட்டைச்சுவர் மேல் மரத்தை வைத்து, முழுக்க நின்றே செய்தேன்.

போர்டிகோவில் ஒரு மூலையில் தண்ணீர் போகிற துளை இருக்கிறது. கழுவிவிட்டால் தண்ணீர் அங்கே ஓடுவதற்காகக் கொத்தனார் அந்த மூலையை மட்டும் முக்கால் இஞ்ச் வாட்டம் கொடுத்து இறக்கியிருந்தார். நான் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். அந்த மூலைக்கு வரும் காலை முக்கால் இஞ்ச் நீளமாக விட்டு வெட்டினேன். ரசமட்டத்தை மேலே வைத்தால் குமிழி நட்ட நடுவில் நின்றது. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேஜை மேல் வைத்துக் காட்டினேன். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. டக் டக்

மேஜையைப் பற்றிக் கேள்விப்பட்டு, முதல் வேலை கொடுத்ததும் கவிதா டாக்டர்தான். கால் ஆபரேஷன் ஆனவர்கள் ஏறி இறங்கிப் பழகுவதற்கு மூன்று படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. "நீங்க நின்னு செய்யிற மொத வேலை எனக்குத்தான் வேணும்ணே" என்றார்.

படிக்கட்டைக் கோக்கிற வாரத்தில் சாரல் மழை. வைஸ் நனைந்தது. சரி என்று மேஜையை உருட்டி, வைஸ் பக்கம் சுவரை ஒட்டி வரும்படி குறுக்காகத் திருப்பிப் போட்டேன். ஒரு கால் தரையில் படாமல் ஆடியது. ஒரு மரச்சக்கையை அடியில் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பசை போட்டு, மேஜையோடு சேர்த்துக் கிளாம்பு இறுக்கி, இரண்டு நாள் விட்டேன். கைப்பிடியை இழைத்துப் பாலிஷ் போட்டதும் அவ்வளவு அழகாக வந்திருந்தது. நானே குட்டியானை வண்டி பிடித்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கவிதா டாக்டர் போன் பண்ணிக் கூப்பிட்டார். போனேன். படியின் ஒரு மூலையில் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். டக். எதிர் மூலையை அழுத்தினார். டக்.

"இது ஆடுதுண்ணே. ஆபரேசன் ஆன ஆள இதுல ஏத்த முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷத்தில் என் வேலை திரும்பி வந்ததில்லை. உங்கள் டைல்ஸ் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அவர் படிக்கட்டை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அழுத்தினார், பிறகு வாசலோரம், பிறகு ஹாலுக்குள், பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில். எல்லா இடத்திலும் அதே இரண்டு மூலை டக் டக்.

"நாலு எடத்துலயும் தரை ஒரே மாதிரியாண்ணே தப்பா இருக்கும்?"

படிக்கட்டைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன். காண்ட்ராக்டர் சொன்னபடி சைட்டில் நிற்கத்தான் நான் லாயக்கோ என்று வழி முழுக்க நினைப்பு ஓடியது. வெட்கமாக இருந்தது.

4. இரண்டு நூல்

வீட்டில் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "மேசையில வச்சுச் செஞ்சது கோணிருச்சுன்னா மொதல்ல மேசையப் பாருங்க" என்றாள். மேஜையைச் சந்தேகப்படுவதா என்று எரிச்சல்பட்டேன். அவள் காதில் வாங்காமல் பையிலிருந்து ஒரு கண்டு நூலை எடுத்து நீட்டினாள்.

தளம் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க ஐ.டி.ஐ.யில் கற்றுக்கொடுத்த வழி ஞாபகம் வந்தது. மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி இரண்டு நூலை விறைப்பாகக் கட்ட வேண்டும். தளம் சரியாக இருந்தால் நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமல் நிற்கும். கட்டினேன். பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, நடுவுல இம்புட்டு சந்து. ஒரு தீக்குச்சி தாராளமா நுழையும்."

அப்போதுதான் கீழே பார்த்தேன். மேஜையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டதில் நீளக் கால் பக்கத்து மூலைக்குப் போய் மேட்டில் நின்றது. தண்ணீர்த் துளைக்கு மேல் நின்றது குட்டைக் கால். அதற்கு அடியில் நான் தட்டிய சக்கை இழைத்த அதிர்வில் எப்போதோ வெளியே வந்து கிடந்தது. மூன்று காலில் நின்ற மேஜை, கிளாம்பு இறுக்கிய இறுக்கில் முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கை அப்படியே படிக்கட்டுக்கும் கொடுத்துவிட்டது.

தப்பு எங்கே என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. என் வாழ்நாள் முழுக்க நான் செய்தது ஒரு இடத்தில் மாட்டினால் அங்கேயே இருக்கிற சாமான். கபோர்டு எங்கேயும் போகாது. தரை கோணினால் நாமும் கோணலாக வெட்டிப் பொருத்துவோம், அதைத்தான் கெட்டிக்கார வேலை என்பார்கள். சக்கரம் வைத்த மேஜைக்கும் அதையே செய்திருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: நகராத சாமானைத் தரைக்கு வெட்டுங்கள், நகருகிற சாமானை மட்டத்துக்கு வெட்டுங்கள்.

நீளக் காலில் முக்கால் இஞ்ச்சை அறுத்து எடுத்தேன். தறி சாமான் விற்கிற பழைய கடையில் நாலு போல்ட் நட்டு வாங்கி ஒவ்வொரு காலின் அடியிலும் பொருத்தினேன். இனி மேஜையை எங்கே தள்ளினாலும் போல்ட்டைத் திருகினால் மட்டம் வந்துவிடும். சட்டத்தைக் கழற்றி நேராக்கி மறுபடி இறுக்கினேன். இரண்டு நூலும் நடுவில் தொட்டு நின்றதைப் பஞ்சவர்ணம் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மரத்தில் கை வைத்தேன். பழைய படிக்கட்டைச் சரிக்கட்டவில்லை. பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகவே செய்தேன்.

கிளினிக்கில் இறக்கியதும் கவிதா டாக்டர் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்தார். யாரை முதலில் ஏற்றுவது என்று யோசிக்கிறார் என்று புரிந்தது.

"நான் ஏறுறேன் டாக்டரம்மா" என்றேன்.

நான் செய்த கைப்பிடியை நானே பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன். முழங்கால் வலித்தது. படி அசையவில்லை.