வீட்டில் எத்தனை பேர் மிஞ்ச வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை காலை, செல்லூரில் எங்கள் தெரு முனையில் ஒருவன் சைக்கிளை நிறுத்தி மணியடித்தான். முன்னால் ஒரு படம் தொங்கியது. வாந்திபேதி கண்டு வரிசையாகக் கிடக்கும் ஒரு குடும்பம்... கடைசிப் பாய் மட்டும் காலி.

கூட்டத்தில் அவன் என்னைப் பார்த்துத்தானா கேட்க வேண்டும்?

"வீட்டுல எத்தனை பேருண்ணே?"

"மூணு பேரு."

"எத்தனை பேரு மிஞ்சணும்?"

வைகைக் கரைப் பக்கம் நாலு வீட்டில் வாந்திபேதி என்று இரண்டு நாளாகவே பேச்சு. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்கிற ஆசாமி நான் - மறுபேச்சில்லாமல் அவனிடம் ஒரு பாட்டில் மருந்து வாங்கினேன்!

வருமுன் காக்குமாம். அவன் சொன்னபடியே என் ஆறு வயது மகள் மீனாவுக்கு வெறும் வயிற்றில் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். வந்தேவிட்டதா?

"அப்பா, தண்ணி..." என்றாள்.

வாந்திபேதிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற வைத்தியம். பாட்டில்காரனும் அதையே அடித்துச் சொல்லியிருந்தான். என் மனைவி செல்லம் செம்போடு வந்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

"நாக்கு வறண்டு கெடக்குங்க. ஒரு வாய் குடுத்தா என்ன?"

"புள்ளயக் கொன்னுறாத!" என்று கத்தினேன்.

இன்னொரு மூடி மருந்தும் ஊற்றினேன். அவள் கண் சொருகியது. அடுக்களையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினேன். யோசித்துப் பாருங்கள் - தண்ணீர்ப் பானையைப் பூட்டிவிட்டு!

டாக்டர் வந்து மீனாவைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

"காலரா இல்ல. நீங்க ஊத்துன இந்த மருந்தாலதான் வாந்தி. மொதல்ல தண்ணி குடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே விட்டிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. ஓடிப்போய் அடுக்களைப் பூட்டைத் திறந்தேன். மீனா மூன்று தம்ளர் குடித்தாள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தாள்.

அதோடு முடிந்ததா? மறுநாள் காலை அதே சைக்கிள் மணி.

"இந்தத் தெருவுக்குள்ளயே வந்துருச்சுல்ல!" என்று அவன் கை நீட்டிக் காட்டிய வீடு என் வீடு. தெருவே அவனைச் சுற்றி நின்றது. எதிர்வீட்டுத் தறிக்காரர் சுந்தரம், போன மாதம் பிறந்த பிள்ளைக்காக ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம் சுந்தரம், வாந்தியே அந்த மருந்தாலதான்!" என்றேன்.

"என்னண்ணே பேசுறீக? அதக் குடிச்சுத்தான உங்க மக பொழச்சா? எங்க புள்ளைக்கு மட்டும் வேணாமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பயந்தவனுக்கு எது ஏறும்? செவ்வாய்க்கிழமை எனக்கு மட்டும் ஏறியிருக்குமா?

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அதைக் குடுத்தா உங்க புள்ள செத்துப்போகும் சுந்தரம்!"

அவர் முகம் வெளுத்தது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

பாட்டில்காரன் என்னிடம் காட்டிய அதே பயமுறுத்தும் வித்தைதான்; உடனே வேலை செய்தது, வாசகர்களே... எனக்கு இப்போது அதை நினைத்தால்தான் பயம்.