குமிழ் கழன்ற ஆட்டப்பெட்டி

வாசகர்களே, நீங்களே சாட்சியாக இருங்கள்: நான் வென்ற வாதத்துக்குள்ளேயே நான் அகப்பட்டுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். தேயிலை மலையூரான பிரிஞ்சாங்கில் முனியாண்டி அண்ணனின் விளையாட்டுக் கடையில், குமிழைத் திருகிப் பந்தடிக்கும் பழைய வீடியோ ஆட்டப்பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் புது ஆட்டம் பொருத்தலாமா என்று அவருக்கும் மைத்துனருக்கும் தகராறு. எங்கள் தோட்டத்துக் கோயில் பட்டிமன்றத்தின் தீர்ப்புக்கு இருவரும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டனர். சீட்டுக் குலுக்கலில் எனக்கு ‘மாற்றலாம்’ அணி விழுந்தது. முழங்கினேன், வென்றேன்.

மறுநாள் முதல் திருகாணியைக் கழற்றும் மரியாதையை எனக்கே அளித்தார்கள். பெட்டியருகே மணியம் அண்ணன் நின்றிருந்தார். தேயிலை ஆலை இயந்திரத்தில் இடக்கையை இழந்தவர். அந்தக் கடையில் அவரால் ஆட முடிந்தது இந்த ஒன்றைத்தான். புது ஆட்டத்துக்கு இரண்டு கைகள் வேண்டும்.

“நல்லாப் பேசுன தம்பி! கைதட்ட முடியல, பெஞ்சத் தட்டுனேன்லா,” என்று சிரித்தார்.

“விட்ருங்கண்ணே, மாத்த வேணாம்,” என்றேன் கடைக்காரரிடம்.

“நேத்து நீதானே மாத்துன்னு கத்துன? சபையில தீர்ப்பாச்சு, இனிமே முடியாதுலா.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமிழின் திருகாணியைக் கழற்றினேன். விழுந்த குமிழை மணியம் அண்ணன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேடைத் தமிழ் வரவில்லை. ஆனால் அவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்: “அண்ணே, இனிமே எந்த அணி விழுந்தாலும், பேசுற சாமானை யாரு புழங்குறாங்கன்னு பாக்காம மேடை ஏறமாட்டேன்.”