குடை, மிளகு, ஏணி, தாமரை, நீலம்

குடை, மிளகு, ஏணி, தாமரை, நீலம். நான் தாளை எடுத்து வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி ஐந்தையும் சொல்லி முடித்துவிட்டார். அவர் பார்வை என்மேல் இல்லை. என் தோளுக்குப் பின்னால் எழுதியிருந்த எதையோ வாசிப்பவர்போல் இருந்தார். பின்னால் வெறும் சுவர்தான் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற அமெரிக்க ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி மகனோடு இருந்தவர் அவர். நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்வார். மறதி நோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் ஆய்வில் நான் இருந்தேன். மறதி இல்லாத தமிழ் முதியவர்கள் அதில் வழக்கமாக எவ்வளவு மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்று சொல்ல முடியும். அதற்காக நலமாக இருப்பவர்களைத் தேடித்தேடி உட்காரவைத்தோம். ஐந்து சொற்களைப் படித்துக்காட்டி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும். பதில் சரியா தவறா என்று மட்டும் சொல்லவே கூடாது.

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"பார்க்ல வாக்கிங் வர்ற எல்லாருக்கும் தெரியும்மா. முதல்ல வந்துட்டுப் போன அங்கிள் கொஸ்டின் பேப்பரையே அவுட் பண்ணிட்டார்."

பரீட்சை என்றால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மார்க் குறைஞ்சா பாப்பாவ என்கிட்ட விடமாட்டியே" என்றார்.

பதினொன்றேகால் காட்டும் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னேன். வட்டம் அழகாக வந்தது. எண்கள் பன்னிரண்டையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினார். இடப்பாதி வெறுமையாக இருந்தது. முள் ஒன்றுகூட இல்லை. "சரிதானே?" என்று கேட்டார். விதிப்படி நான் பேசவில்லை. என் மகள் அவரோடு கழித்த பகல்களெல்லாம் ஒவ்வொன்றாக அந்த வெற்றுப் பாதிக்குள் இறங்குவதுபோல் இருந்தது.

தாளில் 'சேர்க்க வேண்டாம்' என்று எழுதினேன். குடும்பத்தாரிடம் பேச வேண்டியவர் ஆய்வின் டாக்டர். எனக்குப் பொறுக்கவில்லை, அன்று மாலையே மகனிடம் சொல்லிவிட்டேன். "அம்மா நல்லாத்தாங்க இருக்காங்க. நேத்துகூட சாம்பார் வெச்சாங்களே" என்றார். மறுநாள் மகளை டேகேரில் சேர்த்தேன். அதன் பிறகும் பல காலைகளில், முன்பு நான் குழந்தையை அவரிடம் விடும் நேரத்துக்குச் சரியாக, ஆன்ட்டி அவளுடைய சின்னத் தட்டோடு ஜன்னலில் நிற்பார். கையசைத்தால் பதிலுக்கு அசைக்க மாட்டார். சில மாதங்களில் டெக்சாஸில் இருக்கும் அவருடைய மகள் வந்து அவரை அழைத்துப்போனார். நான் செய்தது குழந்தைக்காகவா, பயத்தினாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஆனால் அந்த வீட்டைக் கார் கடக்கும்போது மட்டும் பின்சீட்டிலிருந்து தமிழ் வரும். குடை, மிளகு, ஏணி, தாமரை, நீலம். வீட்டில் நான் ஒருநாளும் அவற்றைச் சொன்னதில்லை. ஆன்ட்டி அவளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பகல்கள் மனப்பாடம் செய்தாரோ. கண்ணாடியில் பார்க்கிறேன். அவள் பார்வை என்மேல் இல்லை.

"ரைட்டா, அம்மா?"

இன்னும் நான் பதில் சொன்னதில்லை.