இரண்டு பேர் சேர்ந்து ஒரு கைத்தட்டல்

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. எங்கேயோ ஒருவன் ஓடுகிறான், ஒருவன் விழுகிறான், அதற்கு இவர்களுக்கு ஏன் ரத்தக்கொதிப்பு ஏற வேண்டும்? ஏறினால் இறக்குவது யார்? நான்தானே! டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருஷமாக மெஷின் பார்க்கிறேன். ஆறு நாற்காலி, ஆறு மெஷின், சுவரில் ஒரு டிவி. அதில் வருவது ஒரே ஒரு விளையாட்டு சேனல். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும். அந்த நாலு மணி நேரமும் இவர்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

மூணாம் நாற்காலி டிரைவருடையது. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு மேட்சைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லையாம். கடை வாசலில் டிவி பார்க்கும் கூட்டத்தைத்தான் கண்ணாடி வழியாகப் பார்ப்பாராம். "முதுகைப் பாத்தே யார் ஜெயிக்கிறான்னு சொல்லிடுவேம்மா" என்பார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அவருக்கு உட்கார நேரம் கிடைத்தது. என்ன தலையெழுத்து, பாருங்கள்.

அவர் பார்க்காத விளையாட்டு இல்லை. பனியில் கல்லை உருட்டித் துடைப்பத்தால் பெருக்குவார்களே, அதையும் பார்ப்பார். குண்டு குண்டாக இரண்டு பேர் முட்டிக்கொள்வதையும் பார்ப்பார். "நமக்குப் பேரே தெரியாத ஆட்டத்துக்கு அங்க லட்சம் பேர் உயிரை விடுறான். ஆனா ஒண்ணு கவனிச்சியா? எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் கோல் தப்பினா தலையில கை வைக்கிறான். இதை எவன் எவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்?" அன்று முதல் நானும் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். உண்மைதான்.

பக்கத்தில் நாலாம் நாற்காலி, தையல்காரர். டிரைவர் அவரைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார். காது மந்தம், அதனால் போன் பக்கமே போக மாட்டார். பேசினால் பக்கத்து வார்டுக்குக் கேட்கும். தோற்கிற அணி எதுவோ அதுதான் அவர் அணி. "தோக்கிறவனுக்கும் ஒரு ஆள் வேணும்யா" என்பார். டிரைவர் கிழக்கு என்றால் இவர் மேற்கு. நாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு நாள் ஒத்துப்போனதில்லை.

கைதட்டுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஊசி குத்திய கையை ஆட்டக் கூடாது, ஆட்டினால் மெஷின் கத்தும். டிரைவருக்கு ஊசி இடது கையில். தையல்காரர் இடக்கைக்காரர், அதனால் அவருக்கு வலது கையில். ஆக, இவருடைய வலது கையும் அவருடைய இடது கையும்தான் சும்மா இருக்கும், அதுவும் அடுத்தடுத்து. கோல் விழுந்தால் ஆளுக்கு ஒரு கையை நீட்டிப் பட்டென்று தட்டுவார்கள். "ஒரு கை தட்டினா ஓசை வராதுன்னு சொன்னவன் எங்களைப் பாக்கல" என்று டிரைவருக்குப் பெருமை வேறு. ஆட்டம் சூடேறினால் ஊசிக் கையும் சேர்ந்து ஆடும், இரண்டு மெஷினும் கத்தும். நான் ஓடிப் போய்த் திட்டுவேன். "இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?"

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கால்பந்துப் போட்டி மறுபடியும் வந்தது. அவர்கள் இருவரும் சந்தித்ததே சென்ற போட்டியின்போதுதான். "அடுத்ததுக்கு இருப்போமாய்யா?" என்று அப்போது கேட்ட டிரைவரிடம், "நீ இருப்ப. உன் நாக்குக்குப் பயந்து எமனே திரும்பிப் போயிடுவான்" என்றாராம் தையல்காரர்.

முதல் ஆட்டம் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு டயாலிசிஸ் கிடையாது. அந்த இரண்டு நாள் இடைவெளிதான் எங்கள் ஆட்களை அடித்துக்கொண்டு போகும். காலையில் தையல்காரரின் மகள் போன் செய்தாள். "அப்பா நேத்து போயிட்டாருக்கா. நாலு மணிக்கு எடுக்கிறோம்."

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் மற்றவர்களிடம் சொல்ல மாட்டோம். பயந்துவிடுவார்கள், மறுமுறை வர மாட்டார்கள். வேறு ஆஸ்பத்திரி, வேறு ஷிஃப்ட் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்புவோம். டிரைவர் நாலாம் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கத்திரி எங்கம்மா?"

"சாயங்கால ஷிஃப்டுக்கு மாறிட்டாரு. மக வீட்டுல அதுதான் வசதியாம்."

"முதல் மேட்சு அன்னிக்கா மாறணும்?" என்றார். ஆட்டம் முடிந்ததும், "சரி, சாயங்காலம் பாத்தா சொல்லு, அவன் ஆளுங்க மூணு கோல் வாங்கிட்டானுங்கன்னு."

சொல்கிறேன் என்றேன். அத்தோடு முடியும் என்று நினைத்தேன். எங்கே முடிந்தது! புதன்கிழமை வந்ததும், "என்ன சொன்னான்?" என்றார். "நடுவர் சரியில்லைன்னாரு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் அப்படித்தான் சொல்லுவான், திருட்டுப்பய!"

பிறகு வாரம் மூன்று நாள் இதே வேலை. விளையாட்டு என்றால் முகம் சுளித்த நான், பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். செத்தவருக்காகப் பதில் யோசித்தேன். பாவம் என்று ஒரு பக்கம் தோன்றும், பயம் ஒரு பக்கம். மூன்றாவது வாரம், பச்சைச் சட்டைக்காரர்கள் அரையிறுதிக்கு வர மாட்டார்கள் என்று டிரைவர் அடித்துச் சொன்னார். வரவில்லை. "இப்ப என்ன சொல்றான் கேளு" என்றார். மனுஷன் சந்தோஷப்படட்டுமே என்று அடுத்த முறை நான், "நீ சொன்னதுதான்யா சரின்னு சொல்லச் சொன்னாரு" என்றேன்.

டிரைவர் சிரிக்கவில்லை. போர்வை கேட்டார். பிரஷர் இறங்கிவிட்டதோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் போகும்போது, எப்போதும் போல ஒரு சேதி சொல்லிவிட்டுத்தான் போனார்.

இறுதி ஆட்டமும் திங்கட்கிழமை காலையில்தான். அங்கே ஞாயிறு ராத்திரி. நாலாம் நாற்காலியில் இப்போது ஒரு பேங்க் கிளார்க், அவருக்கு ஊசி இடது கையில். கடைசி நிமிஷத்தில் கோல். அறையே கத்தியது. டிரைவரின் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. அங்கே கிளார்க்கின் ஊசிக் கைதான் இருந்தது. அந்தரத்தில் நின்ற கையை என்னால் பார்க்க முடியவில்லை. உறை போட்ட என் கையை அதில் வைத்தேன்.

அவர் தட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா எடுத்தாங்க?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "முதல் மேட்ச் அன்னிக்கு. நாலு மணிக்கு."

"நான் பதினோரு மணிக்கே இங்கேருந்து கிளம்பிட்டேனே" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நான் சொன்னது சரின்னு அவன் என்னிக்காவது சொல்லியிருக்கானா?" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சேதி சொல்லிவிட்டீங்க?"

"சேதி போய்ச் சேர ஒரு இடம் இருந்துச்சேம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்கலை. ஆனா முகத்தைப் பாக்க விடாம பண்ணிட்டியே. எனக்கு வந்தா இப்படிப் பண்ணாதே. செத்துட்டான்னு சொல்லு. அழுறவன் அழட்டும்."

அதன்பின் ஒன்றரை வருஷம் வந்தார். எல்லா ஆட்டமும் பார்த்தார். கோல் விழுந்தால் கையைத் தொடையில் தட்டிக்கொள்வார்.

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மறுநாள் காலை எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்தேன். டிவியை அணைத்தேன். மூணாம் நாற்காலி காலி. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"டிரைவர் செத்துப்போயிட்டாரு. மூணு மணிக்கு எடுக்கிறாங்க. இங்கேருந்து நேரா போகலாம், நான் வண்டி சொல்லியிருக்கேன்" என்றேன்.

முதலில் கிளார்க்கின் மெஷின் கத்தியது. அழுகிறவருக்குக் கை ஆடாமல் இருக்குமா? பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, ஐந்தும் கத்தின. அன்று நான் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சத்தத்தை நிறுத்தினேன். நிறுத்த நிறுத்த மறுபடியும் கத்தின.