மின்தடை இல்லாத மூன்று நாள்

கோட்டுகளுக்கு நடுவே தொங்கும் கண்ணாடியில் முகம் பார்த்து, லியோகாதியா உதட்டுச் சாயத்தை இரண்டாவது சுற்றுப் பூசுகிறாள். ரத்தச் சிவப்பு. ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் ஸ்டாரோவிட்சா ஊரில் இல்லை. "வயசு எனக்குத்தான ஆச்சு, என் வாய்க்கு ஆகலையே" என்பாள்.

இந்தப் பழக்கம் மில்லில் வந்தது. இருநூறு தறிகள் ஒன்றாக அடிக்கும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் உதட்டால் பேசினார்கள், கண்ணால் கேட்டார்கள். உதடு தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே, அதற்குத்தான் சிவப்பு. 1992இல் மில்லை மூடினார்கள்; ஏழு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது ஊர் மன்றம் நடக்கிறது. வருகிறவர்களிடம் கோட்டை வாங்கி மாட்டி வைப்பது அவள் வேலை. அவள் கண்ணெதிரே யாரும் ரகசியம் பேசுவதில்லை. பேசியே ஆகவேண்டுமென்றால் பாதிரியார்கூட வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்.

கோட்டு விஷயத்தில் மகா கறார். "குளிருதா? குளிரட்டும். கோட்டோட போய் உக்காந்தா கச்சேரி கேக்க வந்த மாதிரியா இருக்கும்? ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்!" மாட்டுவதற்குக் கழுத்தில் நாடா இல்லாத கோட்டு வந்தால் போச்சு. கொண்டு வந்தவரின் மூன்று தலைமுறையையும் திட்டித் தீர்ப்பாள். திட்டிக்கொண்டே ஊசி நூலை எடுத்து நாடா தைத்தும் கொடுத்துவிடுவாள்.

போன பிப்ரவரியில் மன்றத்தில் ஊர் வரலாற்றுப் பலகை ஒன்றைத் திறந்தார்கள். மில்லைக் கட்டிய முதலாளி, அவருடைய மீசை, குதிரை வண்டி, இரண்டு போர்கள், எல்லாம் அதில் இருந்தன. 1971க்கு ஒரே வரிதான்: மின்தடையால் மூன்று நாள் உற்பத்தி நின்றது.

வாசித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்தடையாம், மின்தடை! அரசு இறைச்சி விலையை ஏற்றியதற்காகப் பெண்கள் நிறுத்திய தறிகள் அவை. முதலில் நிறுத்தியவள் ஃபெலிட்சியா ட்ரோஸ்ட். "நிறுத்துங்கடி" என்று அவள் உதடு அசைந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள் தறியிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்; தறிகள் நின்றன. விலை இறங்கியது. ஃபெலிட்சியாவுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு எந்த மில்லும் அவளைச் சேர்க்கவில்லை. திறப்பு விழா அன்று அவள் ஊன்றுகோலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பழைய தறிக்காரிகள்.

லியோகாதியா நேரே மேடையருகே போனாள். "மேயர் ஐயா, அந்த வரி பொய். மாத்துங்க. ஃபெலிட்சியா பேரு அதுல வரணும்."

"குறிச்சுக்கிட்டோம்மா, கட்டாயம் பாக்கலாம்" என்று மேயர் சிரித்தார். பிறகு செயலாளர் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பாவம், வெளியூரிலிருந்து வந்த மனிதர்; வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை.

"'தலையாட்டி வை, ஒரு மாசத்துல மறந்துடுவாளுங்க'ன்னு சொல்றாரு!" என்று லியோகாதியா கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

கடைசி வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேயரின் காது சிவந்தது. "அம்மா, போய் உங்க வேலையப் பாருங்க" என்றார்.

"பாக்குறேன்."

விடுவிடுவென்று கோட்டறைக்குப் போனாள். அங்கே சுவரில் கட்டடம் முழுமைக்குமான மெயின் சுவிட்சின் பிடி இருந்தது. அதைக் கீழே இழுத்தாள். ஜன்னல் இல்லாத கூடம் கும்மிருட்டானது. ஒலிபெருக்கி செத்தது. யாரோ நாற்காலியில் இடித்துக்கொண்டு கத்தினார்கள்.

"பயப்படாதீங்க!" வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. "இதுக்குப் பேருதான் மின்தடை. அன்னைக்கு எல்லா விளக்கும் பளிச்சுனு எரிஞ்சுது. யாரு யாரு தறியிலேருந்து கைய எடுத்தோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது."

பிடியை மேலே தள்ளினாள். வெளிச்சம் வந்தபோது கடைசி வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஃபெலிட்சியாவும்தான், ஊன்றுகோல் தரையில் கிடந்தது. லியோகாதியா கூடத்தின் நடுவே நடந்து போய், அவள் சாய்ந்துகொள்ளத் தோளைக் கொடுத்து, மேயரைப் பார்த்தபடி தன் கைகளையும் கட்டிக்கொண்டாள்.